தரைத்தளத்திலிருந்து ஒரு திறந்த மடல்: நம் பொதுக் கழிவுநீர்க் குழாய் குறித்து

மதிப்பிற்குரிய சங்கத் தலைவர், செயலாளர், பொருளாளர் அவர்களுக்கும், இந்தக் கட்டடத்தின் எல்லாத் தளங்களிலும் வசிக்கும் அண்டை வீட்டாருக்கும்,

வணக்கம். அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டிருக்கிறது. அதில் ஏழாவது பொருளாகத் 'தரைத்தள வீட்டு அடைப்பு' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தரைத்தள வீட்டில் குடியிருப்பவன் நான்தான். அந்த வரியைத் 'பொதுக் கழிவுநீர்க் குழாயில் அடைப்பு' என்று திருத்தும்படி கேட்டுக்கொள்வதற்காகவே இம்மடலை எழுதுகிறேன். சொல்லைப் பிடித்துக்கொண்டு வாதாடுகிறேன் என்று தயவுசெய்து நினைக்க வேண்டாம். அடைப்பு யாருடையது என்று பெயரிடுகிறோமோ, அதை வைத்துத்தான் யார் பார்ப்பது, எங்கே தோண்டுவது, எதைக் கொட்டுவது என்பதெல்லாம் முடிவாகிறது. கடந்த ஐந்து மாதங்களாக அந்தப் பெயர் தவறாக இருந்ததால், செய்த வேலைகள் அனைத்தும் தவறான இடத்தில் நடந்திருக்கின்றன. அவற்றில் சில தவறுகள் என்னுடையவை என்பதையும் மறைக்கப்போவதில்லை.

முதலில் என் குளியலறையில்தான் தொடங்கியது. குளித்து முடித்த பின்னும் தரையில் கணுக்கால் நனையும் அளவுக்கு நீர் நின்று, கால் மணி நேரம் கழித்தே வடிந்தது. வடிகாலின் மூடியைக் கழற்றி, உள்ளே சிக்கியிருந்த முடிக்கற்றையையும் சோப்புப் படிவையும் எடுத்துப் போட்டேன். இரண்டு நாள் நன்றாக இறங்கியது. மூன்றாம் நாள் பழைய கதைதான். பிறகு ரப்பர் பம்பு கொண்டு அழுத்திப் பார்த்தேன். அந்தக் கருவியைப் பற்றிப் பலருக்குத் தெரியாத ஒன்றை இங்கே இடையில் சொல்லிவிடுகிறேன்: ரப்பர்க் கிண்ணம் மூழ்கும் அளவுக்கு நீர் இருக்க வேண்டும், வாஷ்பேசின் என்றால் அதன் மேல்விளிம்புக்குக் கீழே உள்ள உபரி நீர்த் துளையை ஈரத்துணியால் அடைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் நாம் கொடுக்கும் அழுத்தம் முழுவதும் அந்தத் துளை வழியே காற்றாகப் போய்விடும். நான் இதையெல்லாம் முறையாகவே செய்தேன். பயனில்லை.

அதன்பின் நான் செய்த காரியத்தை எழுதக் கூச்சமாக இருக்கிறது. கடையில் விற்கும் அடைப்பு நீக்கும் பொடியை வாங்கி, அட்டையில் சொல்லியிருந்த அளவைப் போல இருமடங்கு கொட்டினேன். மறுநாளும் நீர் இறங்காததால் ஒரு பிளம்பரை அழைத்தேன். பொடி போட்டிருக்கிறேன் என்று அவரிடம் சொல்லவில்லை. உண்மையில் எனக்கு அது ஒரு பொருட்டாகவே தோன்றவில்லை. அவர் சுருள் கம்பியை உள்ளே விட்டுத் திருகியபோது தேங்கி நின்ற நீர் தெறித்து அவருடைய முன்கை சிவந்து எரிந்தது. ஓடும் நீரில் நெடுநேரம் கையைக் காட்டிக்கொண்டு நின்ற அந்த மனிதர் என்னைத் திட்டவில்லை. 'முதல்லயே சொல்லியிருக்கலாமே சார்' என்று மட்டும் கேட்டார்.

அந்தப் பொடியின் முதன்மைச் சரக்கு பெரும்பாலும் காஸ்டிக் சோடா எனப்படும் சோடியம் ஹைட்ராக்சைடு. நீரில் கரையும்போது கடும் வெப்பத்தை வெளியிட்டு, கொழுப்பைச் சோப்பாக்கியும் முடியின் புரதத்தைச் சிதைத்தும் வழி உண்டாக்குவதுதான் அதன் வேலை. அடைப்பு நம் கைக்கெட்டும் தூரத்தில், ஒரு வீட்டின் வளைவுக் குழாய்க்குள் இருந்தால் அது ஓரளவு வேலை செய்யக்கூடும். பல மீட்டர் தள்ளி, நூறு மில்லிமீட்டர் விட்டமுள்ள பொதுக் குழாயில் அடைப்பு இருக்கும்போது, நடுவில் நிற்கும் நீரிலேயே அது நீர்த்துப்போகும். சில சமயம் கரையாத பகுதி குழாயின் அடியில் கல்லாக இறுகி, இருக்கும் அடைப்போடு இன்னொன்றைச் சேர்க்கும். மேலிருந்து ஒரு வீட்டார் ஆசிட்டும் இன்னொரு வீட்டார் ப்ளீச்சிங் கரைசலும் ஊற்றுவதை நினைத்தால்தான் எனக்கு உண்மையில் அச்சமாக இருக்கிறது. இவ்விரண்டும் சந்திக்கும் இடத்தில் குளோரின் வாயு உண்டாகும். நம் குழாய்கள் பொதுவானவை என்பதால், அந்தச் சந்திப்பு என் குளியலறைத் தரைக்கடியில் நிகழ எல்லா வாய்ப்பும் உண்டு. கொதிக்கும் நீரை ஊற்றுவதும் தீங்கற்றது என்று எண்ண வேண்டாம். பி.வி.சி. குழாய் 60 டிகிரி செல்சியஸ் வெப்பத்துக்கு மேல் தொடர்ந்து தாங்கக்கூடியதல்ல. கழிப்பறையின் பீங்கானும் திடீர் வெப்பத்தில் விரிசல் விடக்கூடும்.

பிளம்பர் கம்பி விட்டுச் சென்ற மூன்றாம் வாரத்தில் ஓர் இரவு பதினொரு மணிக்கு, வீட்டில் ஒரு குழாயும் திறந்திராத நேரத்தில், என் கழிப்பறையில் குபுகுபுவென்று குமிழிகள் எழுந்தன. சற்று நேரத்தில் குளியலறை வடிகால் வழியே சோப்பு நுரையுடன் சாம்பல் நிற நீர் மேலேறி வந்து தரை முழுவதும் பரவியது. நான் அன்று துணி துவைக்கவில்லை. மேலே யாரோ ஒருவருடைய சலவை இயந்திரம் தன் நீரை வெளியேற்றியிருக்கிறது. கீழே போக வழியில்லாமல் அது என் வீட்டைத் தேடி வந்திருக்கிறது. மறுநாள் சங்க அலுவலகத்தில் முறையிட்டபோது, 'உங்கள் வீட்டு வடிகாலைச் சரிசெய்துகொள்ளுங்கள்' என்ற பதிலே கிடைத்தது. அன்று மாலையே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன்.

அந்த நோட்டில் நாள், நேரம், எந்த வடிகால், எவ்வளவு நேரத்தில் வடிந்தது, அப்போது மேலே நீர் விழும் ஓசை கேட்டதா, மழை பெய்ததா என்பவற்றையெல்லாம் குறித்துவந்தேன். ஆறு வாரங்களில் ஒரு ஒழுங்கு தெளிவாகப் புலப்பட்டது. காலை ஆறு மணி முதல் எட்டு மணி வரை, எல்லா வீடுகளிலும் நீர் புழங்கும் நேரத்தில், என் வீட்டின் குளியலறை, கழிப்பறை, பின்கட்டுத் தரை வடிகால் ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் மந்தமாகின. பகல் இரண்டு மணிக்கு, கட்டடம் பாதி காலியாக இருக்கும்போது, மூன்றும் ஏறக்குறைய இயல்பாக இறங்கின. மேல்தள வீடுகளில் தண்ணீர் புழங்காத நேரத்தில் மட்டும் என் வீட்டுக் குழாய்கள் குணமாகிவிடுகின்றன என்றால், குறை அவற்றில் இல்லை என்பது வெளிப்படை.

இதன் பின்னுள்ள இயல்பு எளிமையானது. ஒரு வீட்டில் ஒரு வடிகால் மட்டும் மெதுவாக இறங்கினால், பெரும்பாலும் கோளாறு அந்த வடிகாலுக்கும் பொதுக் குழாய்க்கும் இடைப்பட்ட கிளைக்குழாயில் இருக்கும்: முடி, சோப்பு, எண்ணெய்ப்படிவு. பல வடிகால்கள் சேர்ந்தாற்போல் மந்தமானாலோ, ஓரிடத்தில் நீரை விட்டால் வேறோர் இடத்தில் மேலேறினாலோ, அவை எல்லாம் ஒன்றுசேரும் இடத்துக்கு அப்பால் தடை இருக்கிறது என்று பொருள். தடைக்குப் பின்னால் தேங்கும் நீர், கிடைக்கும் திறப்புகளுள் மிகத் தாழ்வானதன் வழியே வெளியேறும். அந்தத் தாழ்வான திறப்பு நான்காம் தளத்தில் இருக்க முடியாது. அது என் குளியலறைத் தரையில் இருக்கிறது. மேல்தளத்தார் யாருக்கும் புகாரே இல்லை என்று செயலாளர் சொன்னது உண்மைதான். அடைப்பு முற்றி, நீர் என் வீட்டை நிரப்பி, முதல் மாடி வரை ஏறினாலொழிய அவர்களுக்குப் புகார் வர வாய்ப்பே இல்லை.

இதை உறுதிசெய்துகொள்ள, முன்பு கையைச் சுட்டுக்கொண்ட அதே பிளம்பரை, இம்முறை எல்லாவற்றையும் சொல்லி, மீண்டும் அழைத்தேன். அவர் என் குளியலறைச் சுவருக்கு வெளியே உள்ள முதல் சேம்பரின், அதாவது கழிவுநீர்க் குழாயைத் திறந்து பார்க்க நிலத்துக்குள் கட்டிய குழியின், மூடியைத் திறந்தார். விளிம்பிலிருந்து ஒரு சாண் கீழே வரை கழிவுநீர் நிறைந்து நின்றது. பிறகு வாயிலருகே உள்ள கடைசிச் சேம்பரைத் திறந்தார். அதன் அடிவாய்க்கால் ஏறக்குறைய உலர்ந்திருந்தது. நூல்போல் ஒரு கசிவு மட்டும் வந்துகொண்டிருந்தது. ஆக, தெருவின் பொதுச் சாக்கடை தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. என் வீட்டுக் கிளைக்குழாய்களும் அவற்றின் வேலையைச் செய்கின்றன. இரண்டு சேம்பர்களுக்கும் இடையிலுள்ள ஏறத்தாழ 18 மீட்டர் தூரத்தில்தான் எங்கோ தடை இருக்கிறது.

அந்த 18 மீட்டரின் நடுவில் இன்னொரு சேம்பர் இருந்தாக வேண்டும் என்றார் பிளம்பர், ஏனெனில் குழாய் அங்கே திரும்புகிறது. திருப்பத்தில் திறப்பு வைக்காமல் யாரும் குழாய் பதிப்பதில்லை. நாங்கள் வாகன நிறுத்துமிடம் முழுவதும் தேடினோம். மூடி எங்கும் இல்லை. மூன்றாண்டுகளுக்கு முன்பு அங்கே புதிய தரை ஓடுகள் பதித்தபோது, பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று அதையும் சேர்த்து மூடிவிட்டதாகக் காவலர்தான் நினைவுகூர்ந்தார். அந்த அழகுக்கு நான் வாக்களித்தவன் என்பதையும் இங்கே பதிவுசெய்கிறேன். திறக்க முடியாத சேம்பர் என்பது இல்லாத சேம்பருக்குச் சமம். கம்பியோ, உயரழுத்தத்தில் நீர் பீய்ச்சும் ஜெட்டிங் இயந்திரத்தின் குழலோ அந்தத் திருப்பத்தைத் தாண்ட முடியாமல் இத்தனை மாதங்களாகத் திரும்பி வந்துகொண்டிருந்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

நான் விசாரித்தபோது வேறு இரண்டு வீடுகளிலிருந்தும் 'அடைப்பு' என்ற பெயரில் முறையீடுகள் வந்திருப்பதை அறிந்தேன். அவை அடைப்பே இல்லை என்பது என் கருத்து. மூன்றாம் தளத்தில் ஒரு வீட்டில், கழிப்பறையில் நீரை விட்டதும் வாஷ்பேசின் களகளவென்று ஒலிக்கிறது, ஆனால் நீர் விரைவாகவே வடிகிறது. கழிவுநீர் செங்குத்துக் குழாயில் விழும்போது அதன் முன்னால் உள்ள காற்று தள்ளப்படுகிறது. பின்னால் வெற்றிடம் உண்டாகிறது. அந்த இடத்தை நிரப்பும் காற்று மொட்டைமாடியில் திறந்திருக்கும் காற்றுக்குழாய் வழியே வர வேண்டும். அது மூடியிருந்தால், காற்று அருகிலுள்ள வாஷ்பேசினின் அடியிலுள்ள வளைவுக் குழாயில் நிற்கும் நீரைக் கிழித்துக்கொண்டு உள்ளே பாயும். நான் மாடிக்குச் சென்று பார்த்தேன். துர்நாற்றம் வருகிறது என்று யாரோ அந்தக் குழாயின் வாயில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்துக் கட்டியிருக்கிறார்கள். அதை அகற்றிவிட்டுக் கொசுவலை கட்டினாலே அந்த வீட்டின் குறை தீரும்.

மற்றொன்று, ஓராண்டாகப் பூட்டிக் கிடக்கும் இரண்டாம் தள வீட்டிலிருந்து வரும் நாற்றம். ஒவ்வொரு வடிகாலின் கீழும் உள்ள வளைவில் ஏறத்தாழ 50 மில்லிமீட்டர் உயரத்துக்கு நிற்கும் நீர்தான் சாக்கடைக் காற்றை வீட்டுக்குள் வரவிடாமல் தடுக்கும் பூட்டு. 1775 இல் அலெக்சாண்டர் கம்மிங் தம் கழிப்பறைக்கான காப்புரிமையில் எஸ் வடிவ வளைவைச் சேர்த்ததிலிருந்து இன்றுவரை அடிப்படை மாறவில்லை. புழங்காத வீட்டில் அந்த நீர் சில வாரங்களிலேயே ஆவியாகிவிடும். ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் அடுக்குமாடிக் குடியிருப்பில் 2003 இல் சார்ஸ் நோய் 300க்கும் மேற்பட்டோருக்குப் பரவியபோது, நீர் வற்றிய தரை வடிகால்கள் வழியே கழிவுநீர்க் குழாயின் காற்றைக் குளியலறை விசிறிகள் உள்ளிழுத்தது பரவலுக்கான முக்கிய வழிகளுள் ஒன்றாகச் சுட்டிக்காட்டப்பட்டது. ஆகவே அந்த வீட்டு உரிமையாளரிடம் பேசி, மாதமொருமுறை ஒவ்வொரு வடிகாலிலும் ஒரு குவளை நீர் ஊற்றுவதற்கு ஏற்பாடு செய்யும்படி வேண்டுகிறேன். இதற்குப் பிளம்பர் தேவையில்லை, சாவி மட்டும் போதும்.

முதல் சேம்பரில் மிதந்தவற்றைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது, எழுதப் பிடிக்கவில்லை என்றாலும். வெண்மையான, தொட்டால் மெழுகுபோல் உதிரும் கட்டிகள் இருந்தன. அவற்றோடு பின்னிப் பிணைந்து, குழந்தைகளுக்கும் முகம் துடைப்பதற்கும் பயன்படும் ஈரத்துடைப்பான்கள். அவற்றின் உறையில் 'கழிப்பறையில் போடலாம்' என்று அச்சிட்டிருந்தாலும், காகிதம் கரைவதுபோல் அவை கரைவதில்லை. பலவற்றில் செயற்கை இழைகளே இருக்கின்றன. சூடான எண்ணெய் சமையலறைக் குழாயில் நீராகத்தான் இறங்கும். சில மீட்டர் தாண்டிக் குளிர்ந்ததும் உறைந்து சுவரில் ஒட்டும். பிறகு நீரிலுள்ள கால்சியத்தோடு சேர்ந்து கரையாத சோப்பாகவே மாறி இறுகும். பாத்திரம் கழுவும் திரவம் அதைக் கரைத்துவிடும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அது செய்வதெல்லாம் எண்ணெயைச் சற்றுத் தொலைவுக்குக் கொண்டுபோய் இறக்கிவைப்பதுதான், அதாவது நம் வீட்டுக் குழாயிலிருந்து பொதுக் குழாய்க்கு. லண்டனின் வைட்சாப்பல் பகுதியில் 2017 இல் சாக்கடைக்குள் கண்டெடுத்த கொழுப்புப் பாறை 250 மீட்டர் நீளமும் ஏறத்தாழ 130 டன் எடையும் கொண்டிருந்தது; அதன் துண்டொன்றை அருங்காட்சியகத்தில்கூட வைத்தார்கள். நம்முடையது அத்தனை பெருமைக்குரியதாக இராது, ஆனால் பிறவி ஒன்றே. வாணலியைக் கழுவுமுன் பழைய தாளால் துடைத்துக் குப்பையில் போடுவதற்கு அரை நிமிடம் போதும்.

இனி, வாகன நிறுத்துமிடத்தை முழுதாகத் தோண்டிப் புதுக்குழாய் பதிப்பது, மூலையிலுள்ள மரத்தை வெட்டுவது என்று ஒப்பந்தக்காரர் ஒருவர் கொடுத்திருக்கும் யோசனைக்கு வருகிறேன். குழாய்க்குள் யாரும் இதுவரை பார்க்கவில்லை. பார்க்காமலே வேர் என்று தீர்ப்பெழுதி மரத்துக்குத் தண்டனை விதிப்பதை நான் எதிர்க்கிறேன். வேராகவும் இருக்கலாம், பழைய சுட்டமண் குழாய்களின் இணைப்புகளில் கசியும் ஈரத்தை நாடி மயிரிழை போன்ற வேர்கள் நுழைவதும், உள்ளே போனபின் குஞ்சம்போல் விரிந்து வருவதையெல்லாம் பிடித்துவைப்பதும் உண்மையே. அயோவா மாநிலத்தின் சாமுவேல் பிளாங்க் என்பவர் 1930களில் சலவை இயந்திர மோட்டாரையும் சறுக்குச் சக்கரங்களையும் இரும்பு வடத்தையும் இணைத்து, வேர்களை அறுக்கும் சுழல்கருவியை உருவாக்கினார். அன்றிலிருந்து வேரை அறுப்பது எளிது. ஆனால் இணைப்பு திறந்தே கிடந்தால் அறுத்த வேர் மீண்டும் வளரும். மரத்தை வெட்டினாலும் உடைந்த இணைப்பு உடைந்தபடியே இருக்கும். மண் உள்ளே சரியும்.

வேறு காரணங்களும் இருக்கக்கூடும். கனரக வாகனம் ஏறி இறங்கிய இடத்தில் குழாய் நசுங்கியிருக்கலாம். அடிமண் அமுங்கி, குழாய் நடுவில் தொட்டில்போல் தொய்ந்திருக்கலாம். நூறு மில்லிமீட்டர் குழாய்க்கு ஒரு மீட்டர் நீளத்துக்கு 10 முதல் 25 மில்லிமீட்டர் வரை சரிவு வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. சரிவு குறைந்த இடத்தில் நீரின் வேகம் குறைந்து, திண்மங்கள் அடியில் படிந்துவிடும். ஒவ்வொரு காரணத்துக்கும் மருந்து வேறு. கொழுப்பென்றால் உயரழுத்த நீர் பீய்ச்சினால் போதும். இணைப்பு திறந்திருந்தால், பிசின் தோய்த்த உறையொன்றைக் குழாய்க்குள் செலுத்தி இறுகவைத்துத் தோண்டாமலே உள்ளே ஒரு புதுக்குழாய் உண்டாக்கலாம். 1971 இல் லண்டனில் எரிக் வுட் தொடங்கிவைத்த முறை அது. ஆனால் தொய்ந்த குழாய்க்கு அந்த உறை உதவாது, ஏனென்றால் உறையும் அந்தத் தொய்வின் வழியாகவே படியும். நசுங்கியிருந்தால் அந்த இடத்தைத் தோண்டியே ஆக வேண்டும், ஆனால் அந்த இடத்தை மட்டும். எது என்று தெரிந்துகொள்ள ஒரே வழி, கேமராவை உள்ளே அனுப்பிப் பார்ப்பது. முனையில் விளக்கும் ரேடியோ அலை அனுப்பும் சிறு கருவியும் பொருத்திய கேமரா குழாய்க்குள் நகரும்போது, தரைமேல் கையில் ஒரு கருவியுடன் நடப்பவர் அது எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று சுண்ணாம்பால் குறித்துவிட முடியும்.

ஆகவே என் வேண்டுகோளின் வரிசை இது: முதலில் ஓடுகளுக்கடியில் புதைந்த சேம்பரைத் திறவுங்கள், அங்கிருந்து நீர் பீய்ச்சிக் குழாயைச் சுத்தம் செய்யுங்கள், நீர் தெளிந்தபின் கேமராவை அனுப்புங்கள், அதற்குப் பிறகே தோண்டுவதா வேண்டாமா என்று வாக்கெடுங்கள். நிறைந்து நிற்கும் சேற்றுக்குள் கேமராவை விட்டால் இருட்டைத்தான் படம் பிடிக்கும் என்பதால் இந்த வரிசை மாறக் கூடாது. பதிவான காட்சியின் பிரதி சங்கத்தின் கையில் இருக்க வேண்டும். தூரக்கணக்கு திரையில் தெரிய வேண்டும். தோண்டும் வேலையால் ஆதாயம் அடையும் ஒப்பந்தக்காரரே அதைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்பவராக இருக்கக் கூடாது.

நீர் பீய்ச்சும் நாளில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. பீய்ச்சும் முனையின் துளைகள் பின்னோக்கி அமைந்திருப்பதால் அது தானாகவே முன்னேறும், கழிவு பின்னால் வடிந்து வரும். எனவே குழலைத் தாழ்வான சேம்பரிலிருந்து மேட்டை நோக்கி விடச் சொல்லுங்கள். குழாய் பழைய சுட்டமண்ணாக இருந்தால் அழுத்தத்தைக் குறைத்தே தொடங்க வேண்டும். அந்த நேரத்தில் தரைத்தளக் கழிப்பறைகள் வழியே நீர் பீறிட்டு வரக்கூடும் என்பதால் முன்கூட்டியே எனக்கும் எதிர்வீட்டாருக்கும் சொல்லிவிட்டால் மூடிகளை இறக்கி, மேலே கனம் வைத்துக்கொள்வோம். இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று: எக்காரணம் கொண்டும் எவரையும் சேம்பருக்குள் இறங்கச் சொல்லாதீர்கள், அவரே முன்வந்தாலும் அனுமதிக்காதீர்கள். தேங்கிய கழிவில் உண்டாகும் ஹைட்ரஜன் சல்ஃபைடு சிறிய அளவில் அழுகிய முட்டை நாற்றம் வீசும். காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு என்ற அளவை நெருங்கும்போது மூக்கின் உணர்வையே மழுங்கடித்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது என்று நினைக்கும் அந்தக் கணத்தில்தான் ஆள் சரிந்து விழுகிறார், தூக்கப் போனவரும் அவரோடு விழுகிறார். இயந்திரத்தால் எடுக்க முடியாதது இருந்தால் அது அன்று எடுக்கப்படாமலே இருக்கட்டும்.

கடைசியாக, சிலர் நல்லெண்ணத்தோடு எனக்குச் சொல்லும் ஆலோசனை ஒன்று உண்டு: நீர் திரும்பி வராமல் தடுக்கும் ஒருவழி வால்வைப் பொருத்திக்கொள்ளுங்கள், தொல்லை தீரும் என்கிறார்கள். தெருச் சாக்கடை பெருகி நம் கட்டடத்துக்குள் ஏறும் அபாயத்துக்கு அது நல்ல காவல். ஆனால் நம் தடை கட்டடத்துக்குள்ளேயே இருக்கிறது. வாயிலருகே வால்வு வைத்தால், மேலிருந்து வரும் நீர் அதற்கு உட்புறமாகத் தேங்கி, முன்போலவே என் வீட்டுக்கு வரும். என் கிளைக்குழாயில் மட்டும் வைத்தால் உங்கள் நீர் என்னிடம் வராது, ஆனால் வால்வு மூடியிருக்கும் நேரமெல்லாம் என் நீரும் வெளியே போகாது. உங்கள் காலைப்பொழுது முடியும்வரை நான் கழிப்பறைக்குப் போகாமல் காத்திருக்க வேண்டும். குழாயைச் சீர்செய்தபின், தரைத்தள வீடுகளின் கழிவைச் செங்குத்துக் குழாயில் சேர்க்காமல் தனியாகச் சேம்பருக்குக் கொண்டுபோக முடியுமா என்று பொறியாளர் ஒருவரைக் கேட்டுச் சொல்லுங்கள். முறையாகத் திட்டமிட்ட உயரக் கட்டடங்களில் அப்படித்தான் செய்கிறார்கள். மொட்டைமாடி மழைநீர்க் குழாயொன்றை முதல் சேம்பரில் இணைத்திருப்பதையும் அப்போதே துண்டித்துவிட வேண்டும். என் நோட்டில் உள்ள மிக மோசமான மூன்று நாட்களும் கனமழை பெய்த நாட்கள்.

நிகழ்ச்சி நிரலின் ஏழாவது வரியைத் திருத்தினால், செலவு எல்லா வீடுகளுக்கும் பகிரப்படும் என்பதை நான் அறியாமலில்லை. மேல்தளத்தார் சிலருக்கு அது நியாயமற்றதாகத் தோன்றலாம். அவர்களை ஒரு காலை ஆறரை மணிக்கு என் வீட்டுக்கு வருமாறு அழைக்கிறேன். குளியலறைக் கதவருகே ஒரு நாற்காலி போட்டுவைக்கிறேன். அன்று யார் வீட்டில் என்ன சோப்பு என்பதைக்கூட நாம் சேர்ந்தே கண்டுபிடிக்கலாம்.

நோட்டின் பிரதியையும், இரண்டு சேம்பர்களின் ஒளிப்படங்களையும், புதைந்த சேம்பர் இருக்கக்கூடிய இடத்தைக் குறித்த கைவரைபடத்தையும் செயலாளரிடம் ஒப்படைத்திருக்கிறேன். வரைபடத்தில் வடக்குத் திசையை நான் தவறாகக் காட்டியிருந்ததைக் காவலர் திருத்திக் கொடுத்தார். ஓடுகளை எடுக்கும் நாளைத் தெரிவித்தால் விடுப்பு எடுத்துக்கொண்டு உடனிருப்பேன். கேமராவை என் குளியலறை வழியே இறக்குவதுதான் வசதி என்றால், அதற்கும் எனக்குத் தடையில்லை.

இப்படிக்கு,
தரைத்தளத்தில் குடியிருக்கும் உறுப்பினர்